தவளைத் தூண்டில்

புதுக்கோட்டைச் சீமையில் கண்மாய்க் கரையில் வளர்ந்த பையன்கள் மீன்களை இரண்டாகத்தான் பிரிப்பார்கள். புழுவுக்கு வருகிற மீன், தவளைக்கு வருகிற மீன். கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி எல்லாம் முதல் கூட்டம். மண்புழுவைக் கோத்துத் தக்கையை மிதக்க விட்டு உட்கார்ந்தால் ஏதோ ஒன்று மாட்டும். இரண்டாவது கூட்டத்தில் ஒரே ஒரு மீன்தான்: விரால். உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது கிடைக்காது. அதைத் தேடிப் போக வேண்டும்.

அன்னவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1980களில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு பையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவனுடைய தாய்மாமன். ஊர்க் கண்மாய்க்கு அவர்தான் நீர்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதெல்லாம் அவர் கையில். தண்ணீர் வற்றிய மாதங்களில் உள்வாய் முழுக்கக் காலால் நடந்து அளந்தவர். எங்கே பள்ளம், எங்கே மேடு, பழைய கருவேல மூடு எந்த இடத்தில் கிடக்கிறது என்பதெல்லாம் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியாமல் போன பிறகும் அவருக்குத் தெரியும். அந்தக் கண்மாய் நிறைந்திருக்கும்போதுகூடப் பெரும்பகுதி ஆள் மட்டத்தைத் தாண்டாது. புதுக்கோட்டைக் கண்மாய்கள் பெரும்பாலும் அப்படித்தான். அகலம் கண்ணுக்கு எட்டாது, ஆழம் இடுப்பளவு, கழுத்தளவு.

மாமாவின் தூண்டில் கம்பு கணு நெருக்கமான மூங்கில். நிழலில் உலர்த்தி, வைக்கோல் தீயில் வாட்டி நிமிர்த்தி, விளக்கெண்ணெய் பூசி, மாட்டுக் கொட்டகை எரவாணத்தில் செருகி வைத்திருப்பார். நுனியில் தடித்த தங்கூசி நரம்பு, அதன் முனையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முள். தக்கை கிடையாது, ஈயக்குண்டு கிடையாது. இரை முங்கக் கூடாது. முங்கினால் அது விரால் தூண்டிலே இல்லை.

வரப்பில் பிடித்த சின்னத் தவளையின் முதுகுத் தோலில் மட்டும் முள்ளை ஏற்றுவார். கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, அல்லிக் கொடிக்கும் கோரைக்கும் நடுவே கிடக்கும் வெற்றுத் தண்ணீரைப் பார்த்து நிற்பார். உடனே வீசமாட்டார். விரால் மூச்சு விடுவதற்காகக் காத்திருப்பார்.

இந்த மீனைப் பிடிப்பதன் சூட்சுமம் முழுவதும் அந்த மூச்சில்தான் இருக்கிறது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை உண்டு. சற்றைக்கொருதரம் அது மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கியாக வேண்டும். மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கி வைத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். மற்ற மீன்கள் சுருண்டு மிதக்கிற சூடான, கலங்கிய, பாசி நாறும் கோடைத் தண்ணீரில் விரால் திடமாக இருப்பதற்கும் இந்த அறைதான் காரணம். ஈரம் காயாத சேற்றுக்குள் புதைந்து அது வெகுநாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் காற்றுக்கு மேலே வருகிற அந்த ஒரு கணத்தில் தான் இருக்கிற இடத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. தண்ணீர்த் தோல் மெல்ல விரிகிறது, ஒரு வளையம், இரண்டு மூன்று குமிழி. அவ்வளவுதான்.

“அங்க பாத்தியா மாப்ள?”

பையனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மாமாவின் கம்பு அதற்குள் உயர்ந்திருக்கும். வளையத்தின் மேலேயே போடமாட்டார். ஒரு முழம் தள்ளி, கோரையின் ஓரத்தில் தவளையை இறக்குவார். பிறகு கம்பின் நுனி மட்டும் அசையும். தவளை தத்தும், நிற்கும், மறுபடி இரண்டு தத்து. நிற்க விடுவதுதான் கடினம் என்று அவன் பிற்காலத்தில் தெரிந்துகொண்டான். கை எப்போதும் அசைத்துக்கொண்டே இருக்கத்தான் துடிக்கும். பயந்த தவளை ஒரே மூச்சில் ஓடாது. ஓடும், அசையாமல் கிடக்கும். அந்த அசையாத நேரத்தில்தான் விரால் அடிக்கும்.

அடிப்பது என்றால் அடிப்பதுதான். முதலில் கோரைத் தாள் ஒன்று காற்றில்லாமல் ஆடும். அடுத்து, தவளைக்குப் பின்னால் தண்ணீர் குவிந்து எழும்பும். “தொபுக்” என்று பள்ளம் விழுந்தது போல ஒரு சத்தம். தவளை இருந்த இடத்தில் நுரை மட்டும் இருக்கும். பையன் கத்திவிடுவான். மாமா கம்பைத் தூக்கமாட்டார். நுனியைத் தாழ்த்திக் கொடுப்பார்.

“அவசரப்படாத. வாயில வச்சிருக்கு, இன்னும் முழுங்கல. திரும்பட்டும்.”

விரால் இரையைக் கவ்வியதும் தன் மறைவிடத்துக்குத் திரும்பும். திரும்பும்போது தங்கூசி பக்கவாட்டில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். அப்போது ஒரே சுண்டு. அதற்குமேல் விளையாட்டெல்லாம் இல்லை. கோரைக்குள் தலையை நுழைக்க விட்டால் முள் நிமிர்ந்துவிடும், அல்லது நரம்பு அறுந்துவிடும். இழுத்துக் கரையில் போட்டு, துள்ளி மறுபடி தண்ணீருக்குள் விழாமல் கையை விரித்து அமுக்க வேண்டும். வழவழவென்ற கொழகொழப்பில் வெறுங்கை நிற்காது. மடியில் முடிந்து கொண்டுவந்த அடுப்புச் சாம்பலைத் தூவிப் பிடிப்பார். முதுகில் கரும்பச்சை, பக்கவாட்டில் மங்கலான கோணல் பட்டைகள், வயிறு வெளுப்பு. பாம்பின் தலையைப் போன்ற அகன்ற தட்டைத் தலையில் முன்தள்ளிய கண்கள்.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் ஜெர்மானியரான மார்க்கஸ் பிளாக். ஆண்டு 1793. அவருக்கு இந்திய மீன்களைப் பதப்படுத்தி அனுப்பிவைத்தவர்களில் ஒருவர் தரங்கம்பாடியில் இருந்த மிஷனரி ஜான். பெர்லினில் மேசை மீது கிடந்த மீனுக்குப் பெயர் கிடைத்தது. அது கண்மாயில் எப்படிப் பிழைக்கிறது என்பதை நீர்பாய்ச்சிகள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை பிடித்தால் மாமா விரால் தூண்டிலைத் தொடமாட்டார். கெண்டைக்குப் புழு போடுவது தடையில்லை, பையன்கள் போடலாம். தவளை மட்டும் கூடாது. ஏன் என்று அவனுக்கு ஒரு கார்த்திகை மாதக் காலையில் தெரிந்தது.

கண்மாய் பெருகி, தண்ணீர் வந்து சேரும் வரத்துவாரியின் ஓரத்துப் புல்லெல்லாம் முழங்கால் தண்ணீரில் நின்றது. அதற்கு நடுவே ஓரிடத்தில் தண்ணீர் செக்கச்செவேலெனக் கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோது அவை விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில், செம்மஞ்சள் நிறத்தில், ஒவ்வொன்றும் நெல்மணியைவிடச் சற்றே பெரிது. எல்லாம் ஒன்றாக மேலே வந்து காற்று வாங்கி, ஒன்றாக இறங்கின. அவற்றுக்கு அடியில் ஒரு கருத்த நிழல் அசையாமல் நின்றது. இன்னொன்று சற்றுத் தள்ளி வட்டமிட்டது.

விரால் புல்லையும் கொடியையும் விலக்கி, ஆழமில்லாத ஓரத்தில் வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். பொரிந்த குஞ்சுகள் தாமாக இரை தேடிப் பிரிந்து போகும்வரை ஆணும் பெண்ணும் காவல் நிற்கும். அந்தக் காலத்தில் குஞ்சுக் கூட்டத்தின் பக்கம் எது விழுந்தாலும் அடிக்கும். பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. ஆகவே விராலைப் பிடிக்க இதைவிட எளிதான நேரம் வருடத்தில் கிடையாது. கத்துக்குட்டிகூடப் பிடித்துவிடலாம்.

கரையில் இருந்த பெரிய பையன்கள் கம்பை எடுத்துவிட்டார்கள். மாமா சத்தம் போடவில்லை. கம்பை வாங்கிக் கரைமேல் வைத்துவிட்டு, “பெருசப் புடிச்சிட்டா இந்தக் குஞ்சு அம்புட்டையும் பொழுது சாயுறதுக்குள்ள கெண்டையும் கொக்கும் தின்னுபுடும். வர்ற வருசம் எதப் புடிப்பீக?” என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஊரில் எழுதி வைத்த சட்டம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் ஒருவர் சொன்னது போதுமானதாக இருந்தது.

மாசி, பங்குனியில் மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சித்திரையில் மிச்சம் இருப்பது பள்ளத்துத் தண்ணீர்தான். அப்போது வரும் அழிகண்மாய். செய்தித்தாள்கள் மீன்பிடித் திருவிழா என்று எழுதுவது இதைத்தான். பொன்னமராவதி, இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கங்களில் இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்குத் தகவல் போகும். விடியும் முன்பே கரையைச் சுற்றி ஜனம் நிற்கும். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டு, வெள்ளைத் துண்டை வீசிக் காட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஊத்தா, கச்சா, பரி, வலை, ஒன்றுமில்லாதவன் கையில் வேட்டி.

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த மூங்கில் கூடை. மேல்வாய் குறுகல், கீழ்வாய் அகலம். நடந்துகொண்டே அதைச் சேற்றில் குத்திக் குத்தி வைக்க வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையில் மோதும். அந்த அதிர்வு கைக்குத் தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். கெளுத்தி என்றால் முள் குத்திக் கை வீங்கும். விரால் என்றால் கூடையோடு ஆளைச் சாய்க்கப் பார்க்கும். தண்ணீர் கலங்கக் கலங்க விரால்கள் காற்றுக்கு மேலே வந்து மாட்டும். ஆனால் சில, சேற்றுக்குள் இறங்கி அப்படியே கிடந்துவிடும். எத்தனை ஊத்தா குத்தினாலும் எல்லாவற்றையும் எடுத்துவிட முடியாது. அடுத்த மழைக்கு அவைதான் விதை.

அன்று பிடித்த மீனை விற்கக் கூடாது என்பது வழக்கம். வீட்டில் குழம்பு வைக்கலாம், உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பலாம். ஊர் முழுக்க ஒரே வாடை. அவனுடைய அம்மா விராலைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்துச் செதிலும் வழவழப்பும் போக உரசிக்கொண்டிருக்க, திண்ணையில் மாமா தன் ஊத்தாவில் உடைந்த குச்சிகளை மாற்றிக்கொண்டிருப்பார்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில்தான் சித்தன்னவாசல். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனார்கள். அறிவர் கோயில் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம் இருக்கிறது. பூப்பறிக்கும் ஆட்கள், யானை, எருமை, அன்னம், தாமரை இலைகளுக்கிடையே மீன்கள். சமண மரபில் அது தெய்வீகக் குளம். பையனுக்கு அது ஊர்க் கண்மாயாகவே பட்டது. தாமரைத் தண்டுகளுக்கு நடுவே மீன் ஒதுங்கும் இடத்தை வரைந்தவன் கரையில் நின்று பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அவன் இன்றும் சொல்கிறான். அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஊர்க் கண்மாய்க்குள் நிற்கும் குமிழித் தூம்புகளையும் பார்க்க வேண்டும். இரண்டு கல் தூண்கள், குறுக்கே கல் சட்டம். அடியில் கல்தொட்டி, அதன் மேற்புறத்தில் தண்ணீர் இறங்க ஒரு பெரிய துளை, கீழே சேறு வெளியேறச் சிறு துளைகள். தண்ணீரோடு வண்டலையும் வெளியேற்றிய ஏற்பாடு அது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்வெட்டு பொறித்த தூம்புத் தூண்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. தூம்புக்கு முன்னால் எப்போதும் கொஞ்சம் பள்ளம் இருக்கும். கோடையில் விரால் கடைசியாகத் தங்குவதும் அங்கேதான்.

வளர்ந்து வேலையில் சேர்ந்தபோது அவனுக்கு உதகைப் பக்கம் மாற்றல் வந்தது. அவலாஞ்சியில் ட்ரவுட் மீன் பண்ணையைப் போய்ப் பார்த்தான். அது இந்த மண்ணின் மீன் அல்ல. 1860களில் மீனியலாளர் பிரான்சிஸ் டே இங்கிலாந்திலிருந்து முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்ற சென்னை மாகாண மீன்வள நிபுணர் பொரிப்பகம் அமைத்து, வானவில் ட்ரவுட்டை நீலகிரி ஓடைகளில் நிலைக்க வைத்தார். சில்லென்று ஓடும், காற்று கலந்த தண்ணீர் இல்லாவிட்டால் அது பிழைக்காது.

ஓர் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் அவனுக்குத் தன் தூண்டில் பெட்டியைத் திறந்து காட்டினார். சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய பூச்சிகள். எடையே இல்லாத அந்தப் பூச்சியை வீசுவதற்காகவே கனமான நரம்பு, அந்த நரம்பைக் காற்றில் முன்னும் பின்னும் சுழற்றி எறிவதற்காக வளையும் கம்பு. மீன் எழும்பும் வளையத்தைப் பார்த்து, அதன் மேலே போடாமல் சற்றுத் தள்ளி இறக்கினார். நிற்க விட்டார். அவன் சிரித்துவிட்டான். எல்லாம் மாமா செய்ததுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: இங்கே இரை உயிரில்லாதது. அந்த நாகரிகம் அவனுக்குப் பிடித்திருந்தது. இந்தியா 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வயலில் பூச்சியைத் தின்னும் தவளை எவ்வளவு முக்கியம் என்று நாடே பேசிய காலம் அது. இன்று விராலுக்கு ரப்பர் தவளை கடையில் கிடைக்கிறது. அவன் அதைத்தான் பயன்படுத்துகிறான். விரால் அதையும் அதே வேகத்தில்தான் அடிக்கிறது.

வெள்ளைக்காரர்கள் மலை ஓடைகளை மட்டும் பார்த்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி எழுதிய புத்தகம் புகழ்பெற்றது. 1887இல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக இன்னொரு புத்தகம் எழுதினார். ஆற்று மீனுக்கு இருக்கிற மரியாதை குளத்து மீனுக்கும் உண்டு என்று நினைத்த ஆள்.

அந்த மரியாதை வெளியூர்களில் விராலுக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. தெலங்கானாவுக்கு இதுதான் மாநில மீன். மலேசியாவில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வருகிறவருக்குப் புண் ஆற இதைத்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள். அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் அந்த வழக்கம் உண்டு. புதுக்கோட்டையில் மட்டும் அது கண்மாயைவிட்டுக் குறைந்துகொண்டே வருகிறது.

காரணங்கள் கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன. உள்வாயைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. வரத்துவாரி அடைபட்டுப் பல கண்மாய்களில் தண்ணீர் ஏறுவதே அபூர்வம். ஆப்பிரிக்காவின் ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குள் வந்து, இன்று எந்தக் குட்டையிலும் அதுதான் அதிகம். 2000ஆம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் எப்படியோ கண்மாய்களுக்குள் வந்துவிட்டது. அது எதையும் தின்னும். குத்தகைக்கு எடுப்பவர் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார். குஞ்சு தின்னும் விரால் அவருக்குக் களை. குஞ்சு விடுவதற்கு முன் இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்து நாட்டு மீன்களைக் கொன்றுவிட்டுத் தொடங்குவது குளத்து மீன் வளர்ப்பில் பழகிப்போன முறை. சொந்தக் குட்டையில் அப்படிச் செய்வது ஒருவருடைய உரிமை. ஊர்ப் பொதுக் கண்மாயில் அது கூடாது. ஆயிரம் வருடமாகக் காய்ந்தும் நிறைந்தும் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்ட மீன் இனத்தை, ஒரு குத்தகைக் காலத்துக்காக அழிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.

தூர்வாருவதிலும் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் இந்த மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. அதற்குப் பிறகு ஆலங்குடி வட்டத்துக் கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். பெரிய காரியம் அது. அரசு இயந்திரம் வரும் என்று காத்திருக்காமல் இறங்கிய அந்தப் பிள்ளைகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் வேறு பல இடங்களில் பொக்லைனை விட்டு, உள்வாய் முழுவதையும் தாம்பாளம் போல ஒரே மட்டமாக வழித்துவிடுகிறார்கள். ஓரத்துப் புல்லும் கோரையும் போய்விட்டால் விரால் முட்டையிட இடமில்லை. தூம்புப் பள்ளம் தூர்ந்துவிட்டால் கோடையைக் கடக்க இடமில்லை.

பழைய கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்று ஒரு வருவாய் வருகிறது. ஏரியில் மீன் பிடிப்பதற்கான குத்தகை அது. அந்தப் பணத்தை ஏரியைப் பராமரிக்கவே ஒதுக்கிய ஊர்கள் உண்டு. மீன் கொடுத்த காசு மறுபடி அதே தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று கண்மாய் ஏலத்துக்கு உட்காருகிற ஊர்ப் பெரியவர்களிடமும் ஊராட்சி மன்றத்தாரிடமும் கேட்க வேண்டியவை மூன்றுதான். குத்தகைத் தொகையில் ஒரு பங்கை வரத்துவாரிக்கும் தூம்புப் பள்ளத்துக்கும் ஒதுக்குங்கள். தூர்வாரும்போது கரையோரக் கோரையில் கொஞ்சத்தை விட்டுவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செந்நிறக் குஞ்சோடு நிற்கும் விரால் மேல் யாரும் தூண்டில் போடக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.